கடவுள் வழிகாட்டுகிறார் என்றால் முடிவெடுப்பது யார்? தஞ்சாவூர் ஸ்வார்ட்ஸ் ஐயரின் கதை

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தமிழ்நாட்டின் பல சர்ச்சுகளில் ஒரு தட்டு வரும். அதில் கவிழ்த்து வைத்த சின்னச் சின்ன அட்டைகள். ஒன்றை எடுத்துத் திருப்பினால் ஒரு பைபிள் வசனம் இருக்கும். வாக்குத்தத்த அட்டை. அந்த வருஷத்துக்கு உங்களுக்கான வசனம் அதுதான்.

பலருக்கு அது ஒரு ஆறுதல், அவ்வளவுதான். சிலருக்கு அப்படியில்லை. வேலையை விடலாமா, கனடா போகலாமா, அந்த வரனுக்குச் சரி சொல்லலாமா என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்விக்கு அந்த அட்டையில் பதில் தேடுவார்கள். இதில் கிறிஸ்தவர்களை மட்டும் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதும், சாமி முன்னால் திருவுளச்சீட்டு போடுவதும் இதே ஆசையில்தான். பெரிய முடிவை நாம் சுமக்காமல், மேலே இருப்பவர் சொல்லிவிட்டால் தேவலை.

இந்தக் கேள்வியோடு தஞ்சாவூரில் வாழ்ந்த ஒருவர் இருக்கிறார். ஜெர்மன்காரர், லுத்தரன் மிஷனரி, பெயர் கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் ஸ்வார்ட்ஸ். 1750-ல் இந்தியா வந்தவர் 1798-ல் தஞ்சாவூரில் இறக்கும்வரை ஊர் திரும்பவே இல்லை. மக்கள் அவரை ஸ்வார்ட்ஸ் ஐயர் என்றார்கள். சாதிப் பெயர் என்று குழம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் பாதிரியார்களை மரியாதையாக அப்படித்தான் அழைத்தார்கள்.

எல்லாவற்றிலும் கடவுளின் கை இருக்கிறது என்று முழுசாக நம்பியவர் அவர். ஆனால் அவருடைய வாழ்க்கையின் பெரிய முடிவுகளை வரிசையாகப் பார்த்தால் அசரீரியும் இல்லை, கனவும் இல்லை, சீட்டும் இல்லை. அப்புறம் எப்படி முடிவெடுத்தார்? அந்த முடிவுகள் எல்லாம் சரியாக வந்தனவா?

மூன்று நாள் அவகாசம்

ஸ்வார்ட்ஸ் 1726-ல் பிரஷ்யாவின் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்றைக்கு அது போலந்தில் இருக்கிறது. சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். சாகும்போது, இந்தப் பிள்ளையைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டிருக்கிறேன், அவன் அந்த வழியில் போக விரும்பினால் தடுக்காதீர்கள் என்று கணவரிடமும் ஊர்ப் போதகரிடமும் சொல்லிவிட்டுப் போனார். நம்மூரில் பிள்ளையைச் சாமிக்கு நேர்ந்துவிடுவது மாதிரிதான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்ததைக் கவனிக்க வேண்டும். அவன் விரும்பினால்.

ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அவர் தமிழ் கற்றது ஏறக்குறைய தற்செயல். சென்னையில் மிஷனரியாக இருந்து திரும்பிய பெஞ்சமின் ஷுல்ட்ஸே அங்கே தமிழ் பைபிளை அச்சிட நினைத்தார். அச்சு வேலைக்கு ஆள் வேண்டும், அதனால் தமிழ் படி என்றார். அச்சு வேலை நடக்கவில்லை. தமிழ் மட்டும் மிச்சமானது. அதைப் பார்த்த பேராசிரியர் ஃப்ராங்கே, நீ ஏன் இந்தியாவுக்குப் போகக்கூடாது என்று கேட்டார்.

இங்கே இளைஞர் ஸ்வார்ட்ஸ் செய்தது சுவாரஸ்யமானது. கடவுள் அழைத்துவிட்டார் என்று பெட்டியைக் கட்டவில்லை. அப்பா சம்மதித்தால் போகிறேன் என்று ஊருக்குப் போனார். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. யோசிக்க அவகாசம் கேட்டார். மூத்த மகன், போனால் திரும்ப மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் யாரும் அவர் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கவில்லை. மூன்றாம் நாள் அறையிலிருந்து இறங்கிவந்து மகனுக்கு ஆசி கொடுத்தார். மகன் தன் பங்குச் சொத்தை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஹாலே திரும்பினார். அங்கே போனால், சொந்த நாட்டிலேயே நல்ல வசதியான போதகர் பதவி ஒன்று காத்திருந்தது. அதுவும் கடவுளின் வழியாக இருக்கலாமே என்று இன்றைக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் மறுத்துவிட்டார். சொன்ன சொல் சொன்னதுதான்.

1750 ஜூலையில் கடலூரில் கரையிறங்கி, தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தார். நான்கே மாதத்தில், நவம்பர் 23 அன்று, சீகன்பால்கு கட்டிய தேவாலயத்தில் தமிழில் முதல் பிரசங்கம் செய்தார். அச்சுக்காகக் கற்ற தமிழ் கைகொடுத்தது.

சீட்டுப் போடும் கிறிஸ்தவர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் ஐரோப்பாவுக்குப் போய்வர வேண்டும். ஏனென்றால் கடவுளின் வழியைத் தெரிந்துகொள்வது எப்படி என்பதில் அன்றைக்கு ஜெர்மன் பக்தர்களுக்குள்ளேயே இரண்டு போக்குகள் இருந்தன.

ஒன்று, ஹெர்ன்ஹூட் ஊரை மையமாகக் கொண்ட மொரேவியர்கள். கோமகன் ட்சின்ட்சென்டார்ஃபின் நிலத்தில் குடியேறியவர்கள். இவர்கள் முக்கியமான விஷயங்களில் சீட்டுப் போட்டார்கள். யார் எந்த நாட்டுக்கு ஊழியத்துக்குப் போவது, யாருக்கு யாரைக் கல்யாணம் செய்துவைப்பது வரைக்கும் சீட்டுதான். இது அவர்களே கண்டுபிடித்ததும் அல்ல. யூதாஸின் காலி இடத்துக்கு மத்தியாவைச் சீடர்கள் சீட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று பைபிளில் இருக்கிறது. ஆனால் அதே அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தில், பின்னால் பெரிய கொள்கைச் சண்டை வரும்போது யாரும் சீட்டை எடுக்கவில்லை. எருசலேமில் கூடிப் பேசி, வாதாடி, முடிவு எழுதி அனுப்பினார்கள். கிறிஸ்தவத்துக்குள் இரண்டு வழிக்கும் ஆதாரம் உண்டு.

இன்னொரு போக்கு, ஸ்வார்ட்ஸ் படித்த ஹாலே. சட்டென்று வரும் உள்ளுணர்வை நம்பாதே, வேதத்தைப் படி, பெரியவர்களிடம் கேள், கண்ணெதிரே இருக்கும் தேவையைப் பார், கதவு திறக்கிறதா மூடுகிறதா என்று பொறுமையாகக் கவனி. முக்கியமாக, அழைப்பு உன் மண்டைக்குள்ளிருந்து வராமல் வெளியிலிருந்து, வேறொருவர் வாயிலாக வரட்டும். ரொம்ப வறட்சியாகத் தெரிகிறதா? ஹாலேவும் முழுக்க வறட்சி அல்ல. தினம் ஒரு வசனம் எடுத்துத் தியானிக்கும் போகாட்ஸ்கியின் பொற்பேழை நூல் அந்த வட்டத்திலிருந்து வந்ததுதான். நம்ம ஊர் வாக்குத்தத்த அட்டைக்கு ஒருவகையில் தூரத்துத் தாத்தா.

இந்த இரண்டு கோஷ்டியும் கடைசியில் தரங்கம்பாடியிலேயே எதிரெதிரே நின்றன. 1760-ல் மொரேவியர்களும் அங்கே வந்து குடியேறினார்கள். ஏற்கெனவே இருந்த ஹாலே மிஷனரிகளுக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணச் சீட்டை மொரேவியர்களே 1818-ல் கட்டாயமில்லை என்று கைவிட்டது தனிக்கதை.

ஸ்வார்ட்ஸ் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதனால் அந்தச் சீட்டு அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

கவர்னர் கேட்டார், போனார்

1762-ல் திருச்சிக்குப் போனார். அங்கே மருந்துக் கிடங்கு வெடித்துப் பல சிப்பாய்கள் செத்து, பிள்ளைகள் அனாதையானார்கள். அவர்களுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். கோட்டை வீரர்களுக்குப் போதகராக இருந்தார். வருஷத்துக்கு நூறு பவுண்டு சம்பளம். அதையும் மிஷனோடு பங்குபோட்டார். 1778-ல் நிரந்தரமாகத் தஞ்சாவூர். அப்போது அரியணையில் மராத்திய மன்னர் இரண்டாம் துளஜா. 1773-ல் ஆற்காடு நவாபும் கம்பெனிப் படையும் சேர்ந்து இவரைப் பதவியிறக்கி, 1776-ல் லண்டன் உத்தரவின்பேரில் மறுபடி உட்காரவைத்திருந்தார்கள். மன்னர் யாரை நம்புவது என்று தெரியாமல் இருந்த காலம்.

1779-ல் சென்னை கவர்னர் தாமஸ் ரம்போல்டிடமிருந்து அழைப்பு வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஐதர் அலியைப் பார்த்து, கம்பெனிக்குச் சமாதான எண்ணம்தான் என்று நம்பவைக்க வேண்டும். ரகசியப் பயணம்.

ஒரு பாதிரியாருக்கு இது வேலையா? ஸ்வார்ட்ஸுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. உடனே ஒப்புக்கொள்ளாமல் ஜெபித்து யோசிக்க நேரம் கேட்டார். பிறகு மூன்று காரணங்கள் சொல்லிச் சம்மதித்தார். ரத்தம் சிந்துவதைத் தடுக்க முடிந்தால் அது நல்ல காரியம். போகிற வழியெல்லாம் பிரசங்கம் செய்யலாம். கம்பெனி தனக்குச் செய்த உதவிகளுக்கு நன்றி காட்டின மாதிரியும் ஆகும். வழிச்செலவைத் தவிர வேறு எதுவும் வாங்க மாட்டேன் என்றார்.

கரூர் வழியாகப் போய், கஜலஹட்டி கணவாய் ஏறி, ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். ஐதர் அவரைத் தன் பக்கத்திலேயே விரிப்பில் உட்காரவைத்துப் பேசினார். மரியாதையில் குறையில்லை. வழிச்செலவுக்கு என்று 300 ரூபாய் கொடுத்ததை ஸ்வார்ட்ஸ் கொண்டுவந்து சென்னை அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு முதல் பணம் ஆக்கினார்.

பயணம் தோற்றது. கம்பெனி அதற்குள் மாஹேயைப் பிடித்திருந்தது, குண்டூர் விவகாரத்திலும் ஐதரைச் சீண்டியிருந்தது. ஒரு பக்கம் பாதிரியாரை அனுப்பிச் சமாதானம், இன்னொரு பக்கம் இது. 1780 ஜூலையில் ஐதரின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது.

ஹாலே முறையின் ஓட்டை இங்கே நன்றாகத் தெரிகிறது. அழைப்பு வெளியிலிருந்து வர வேண்டும், சரி. வெளியிலிருந்து அழைப்பது கிழக்கிந்தியக் கம்பெனியாக இருந்தால்? கவர்னரின் தேவை கடவுளின் அழைப்பு வேஷத்தில் வந்து நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு எதிராக ஸ்வார்ட்ஸிடம் இருந்த ஒரே தற்காப்பு, பணம் வாங்காதது. தனக்கு லாபம் இருக்கிற வழியைச் சந்தேகப்படு என்பது அவருடைய நடைமுறை விதி. அந்த விதி அவர் கையைச் சுத்தமாக வைத்தது, கம்பெனியின் கணக்கை அது தொடவில்லை. இருந்தாலும் அந்த நேர்மை வேறு விதத்தில் பயன்பட்டது. யுத்த காலத்திலும் இந்தப் பாதிரியைத் தடுக்காமல் விடுங்கள் என்று ஐதர் தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தார்.

80,000 கலம் நெல்

போர் டெல்டாவுக்குள் வந்தது. மதகு, வாய்க்கால், மாடு எல்லாம் போயிற்று. தஞ்சைக் கோட்டைக்குள் சனம் அடைந்துகிடந்தது. பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் கொண்டுவந்து கொடுக்க யாரும் தயாராக இல்லை. சர்க்கார் மாட்டையும் நெல்லையும் பிடுங்கிக்கொண்டு பணம் தராது என்று குடியானவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அரசர் சொன்னாலும் கம்பெனி சொன்னாலும் கதை ஒன்றுதான்.

அப்போது ஸ்வார்ட்ஸைக் கேட்டார்கள். பணத்துக்கு நான் பொறுப்பு என்று அவர் தன் பெயரில் கடிதங்கள் அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேல் மாடுகள் வந்தன. சேர்ந்த நெல் 80,000 கலம். ஒரு கலம் 12 மரக்கால் என்று தாத்தாவிடம் கேட்டால் சொல்வார். சொன்னபடி எல்லோருக்கும் பணமும் போய்ச் சேர்ந்தது. பஞ்சம் வருவதற்கு முன்பே விலை குறைவாக இருந்தபோது நெல் வாங்கிக் குவித்தும் வைத்திருந்தார். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நம்பியவர் குதிரையும் நிரப்பி வைத்தார்.

போர் முடிந்த பிறகும் ஒரு சம்பவம். வரிக் கொடுமை தாங்காமல் நாட்டைவிட்டுப் போன குடிகள் 65,000 பேர் என்பது ஸ்வார்ட்ஸ் எழுதிய கணக்கு. திரும்பி வாருங்கள் என்று அரசு கூப்பிட்டால் யாரும் நம்பவில்லை. ஸ்வார்ட்ஸ் கூப்பிட்டார். ஒரே நாளில் 7,000 பேர் வந்தார்கள், மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். மேட்டூர் அணை இல்லாத காலம், காவிரியில் தண்ணீர் வருவதுதான் காலண்டர். ஜூனில் தொடங்க வேண்டிய வேலையைச் செப்டம்பரில் தொடங்கி, ராத்திரி பகலாக உழைத்தார்கள்.

ஜெபம் செய்தாரா? நிச்சயம் செய்திருப்பார். ஆனால் இந்த இரண்டு இடத்திலும் அவர் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது. இந்த வேலையை என்னைத் தவிர வேறு யாராவது செய்ய முடியுமா? முடியாது என்றால் அதுதான் வழி.

இதே கேள்விதான் அடுத்து அவரைச் சறுக்கவும் வைத்தது.

அந்தப் பையன்

துளஜா மன்னருக்கு அடுத்தடுத்து சாவு. மகன், மகள், பேரன் என்று வாரிசே இல்லாமல் போனது. 1787 தொடக்கத்தில், படுத்த படுக்கையாக இருந்தவர், போன்ஸ்லே உறவுக்குள் ஒரு பையனைத் தத்தெடுத்தார். சுமார் பத்து வயது. பெயர் சரபோஜி. ஸ்வார்ட்ஸை வரவழைத்து, இவன் இனி உங்கள் பிள்ளை, நீங்கள்தான் பாதுகாவலர் என்று ஒப்படைக்க நினைத்தார்.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ஒரு இந்து மன்னர், அரண்மனை முழுக்க உறவுக்காரர்கள் இருக்க, தன் வாரிசை ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரிடம் கொடுக்கிறார். மிஷனரி கோணத்தில் பார்த்தால் இதைவிடப் பெரிய கதவு திறக்காது. கடவுளே தஞ்சாவூரைத் தட்டில் வைத்துத் தருகிறார் என்று இன்னொருவர் துள்ளியிருப்பார்.

ஸ்வார்ட்ஸ் மறுத்தார். எனக்கு அந்தச் சக்தி இல்லை, பையனை மாசத்தில் ஓரிரு முறைதான் பார்க்க முடியும், அரண்மனைப் போட்டியில் அவன் உயிருக்கே ஆபத்து வரும் என்றார். உங்கள் தம்பி அமர்சிங் இருக்கிறாரே, பையன் வளரும்வரை நிர்வாகத்தை அவரிடம் கொடுங்கள் என்று யோசனையும் சொன்னார். அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கு, என்னைவிடப் பொருத்தமான ஆள் இருக்கிறார் என்று பதில் வந்துவிட்டது. பேராசை இல்லாத, நியாயமான முடிவு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

துளஜா இறந்தார். அமர்சிங் நிர்வாகியாக இருக்கச் சம்மதிக்கவில்லை, ராஜாவாகவே ஆக வேண்டும் என்றார். தத்தெடுப்பே செல்லாது என்று வாதம் கிளம்பியது. சென்னை கவர்னர் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல் பன்னிரண்டு பண்டிதர்களைக் கூட்டிச் சாஸ்திரம் கேட்டார். சரபோஜி ஒரே மகன், தத்துக் கொடுக்க வேண்டிய வயதும் கடந்துவிட்டது, அதனால் செல்லாது என்று அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அமர்சிங் அரியணை ஏறினார்.

பையனின் கதி? ஏறக்குறைய சிறை. படிப்பு கிடையாது, வெளியே விடுவதும் கிடையாது. ஸ்வார்ட்ஸ் எந்தக் கையில் கொடுக்கச் சொன்னாரோ அந்தக் கைதான் பூட்டுப் போட்டது.

எனக்கு ஸ்வார்ட்ஸ் முக்கியமானவராகத் தெரிவது இந்த இடத்தில்தான். ஜெபித்து, யோசித்து, சுயலாபம் பார்க்காமல் எடுத்த முடிவு. அதன் விளைவாக ஒரு சிறுவன் அறைக்குள் கிடக்கிறான். கடவுள் சித்தம் என்று முத்திரை குத்தி எடுத்த முடிவை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்படி முடிவெடுத்தவர்களுக்குத் தெரியும். தவறு என்று ஒப்புக்கொண்டால், அன்றைக்கு வழிகாட்டியது யார் என்ற கேள்வி வந்துவிடும். அதனால் பலர், இதுவும் அவர் திட்டம்தான், பொறுத்திருப்போம் என்று நகர்ந்துவிடுவார்கள்.

ஸ்வார்ட்ஸ் நகரவில்லை. பையனின் நிலைமையைச் சென்னை அரசுக்கு எழுதினார். அவனுக்குத் தனிக் காவல் போடவைத்தார். படிப்புக்கு ஏற்பாடு செய்யப் போராடினார். அரண்மனையில் ஆபத்து தீரவில்லை என்று தெரிந்ததும், 1793-ல் சரபோஜியும் துளஜாவின் விதவைகளும் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே கெரிக்கே என்ற மிஷனரியிடம் படிப்பு தொடர்ந்தது. இன்னொரு பக்கம், 1787 தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை ஸ்வார்ட்ஸ் கிளப்பிக்கொண்டே இருந்தார். பண்டிதர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வேறு ஊர்ப் பண்டிதர்களிடம் மறுபடி கேட்டார்கள். தத்து செல்லும் என்று பதில் வந்தது.

1787-ல் வேண்டாம் என்று தள்ளிய பொறுப்பை, பத்து வருஷத்துக்கும் மேல் அவர் சுமந்தார். அன்றைக்கே ஏற்றுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பையன் தப்பித்திருக்கலாம். கம்பெனியும் பாதிரியும் சேர்ந்து ராஜ்யத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று கலவரம் வந்து, பையன் செத்தும் போயிருக்கலாம். இரண்டில் எது என்று எந்தச் சீட்டு சொல்லியிருக்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷப் பழக்கத்தில் சரபோஜி மதம் மாறவில்லை. ஸ்வார்ட்ஸுக்கு அந்த ஆசை இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் தன் உதவியை அதற்கு விலையாக வைக்கவில்லை. அவரிடம் வளர்ந்த இன்னொரு பையன், 1785-ல் திருநெல்வேலியிலிருந்து அப்பாவின் சம்மதத்தோடு கூட்டிவந்த வேதநாயகம், பின்னாளில் வேதநாயக சாஸ்திரியாராகத் தமிழ்க் கிறிஸ்தவக் கவிதையின் பெரிய பெயரானார். அப்பாவின் சம்மதம் இல்லாமல் தானும் கப்பல் ஏறாதவர் இல்லையா.

1798 பிப்ரவரி 13

கடைசி மாதங்களில் காலில் புண், படுக்கை. 1798 பிப்ரவரி 13 அன்று, 71 வயதில் இறந்தார். சரபோஜி முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அடக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்கள். இளவரசர் வந்து அழுதார், உடல்மேல் துணி போர்த்தினார், கல்லறைவரை கூடவே போனார். அந்தக் கல்லறை இன்று தூய பேதுரு ஆலயத்தில் இருக்கிறது.

அதே வருஷம் ஜூன் கடைசியில் சரபோஜிக்கு முடிசூட்டினார்கள். ஸ்வார்ட்ஸ் அதைப் பார்க்கவில்லை. மறுவருஷமே, 1799-ல், கம்பெனி ஒரு ஒப்பந்தம் போட்டு நாட்டு நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. கோட்டையும் பட்டமும் மட்டும் சரபோஜிக்கு மிஞ்சியது. ஸ்வார்ட்ஸ் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதில் ஆய்வாளர்கள் சண்டை போடலாம்.

அதிகாரம் போன ராஜா சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கினார். 1803-ல் தன் வம்ச வரலாற்றைப் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டவைத்தார். லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மனிடம் ஒரு பளிங்குச் சிற்பமும் செய்யச் சொன்னார். அது பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே, சிவகங்கைக் கோட்டையில் 1779-ல் ஸ்வார்ட்ஸ் கட்டிய தேவாலயத்தில் இருக்கிறது. கட்டிலில் கிழவர் படுத்திருக்கிறார். பக்கத்தில் நிற்கும் சரபோஜி அவர் கையைப் பிடித்திருக்கிறார்.